நாத்தனார் முடிச்சு

பலகையில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

தண்ணீர் ஊற்றுவார்கள்.

கணவருக்கு இன்று அறுபதாம் கல்யாணம். இன்னொரு முறை தாலி கட்டுவதற்கு முன்னால் இருவரையும் மண்டபத்தின் நடுவே உட்கார வைத்து, பிள்ளைகளும் உறவுகளும் வரிசையாக வந்து கலச நீரைத் தலையில் ஊற்றுவார்கள். தெரியாத சடங்கா? எத்தனையோ பேர் தலையில் அவளே ஊற்றியிருக்கிறாள்.

காலையில் கண்ணாடி முன் நின்று வகிட்டைச் சுற்றிக் கருப்புப் பொடி தூவிக்கொண்டபோது மட்டும் அது எங்கே போய்த் தொலைந்ததோ.

நல்ல பொடிதான். தூவினால் முடி மாதிரியே ஒட்டிக்கொள்ளும். மண்டை தெரியாது. வியர்வைக்கு அசையாது என்று டப்பாவில் போட்டிருந்தது.

கலசத்தைப் பற்றி ஒன்றும் போடவில்லை.

பக்கத்தில் அவர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிலேயே அவருக்கு வழுக்கை விழுந்துவிட்டது. யோகக்காரன் என்றார்கள்.

அவளுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு வகிடு அகலமாகிக்கொண்டே போனது. எண்ணெய் வைப்பதில்லை என்றார்கள். ஷாம்பு என்றார்கள். போர்த் தண்ணீர் என்றார்கள். யோகம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், இரும்புச்சத்து குறைச்சல், மீதி வயதும் ஹார்மோனும் என்றார். மாத்திரை கொடுத்தார். தலையில் தடவ ஒரு மருந்து கொடுத்தார். முதலில் இன்னும் கொஞ்சம் கொட்டும், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்றார்.

சொன்னபடியே கொட்டியது. அந்த விஷயத்தில் டாக்டர் நாணயமானவர்.

குடம் வந்துவிட்டது.

தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மங்கையர்க்கரசி. கணவரின் தங்கை. வாய்க்காரி. மண்டபத்தில் அவளுக்குப் பயப்படாதவர் கிடையாது. சமையல்காரர் உட்பட.

எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டே வந்த மகன் முதல் குடத்தைச் சாய்த்தான்.

குளிர்ந்த நீர். நெற்றியில் இறங்கியது. மூக்கில் இறங்கியது.

கண்ணைத் திறந்தபோது மடியில், மஞ்சள் புடவையில், கருப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

சுற்றிலும் பேச்சு அடங்கியது. அடுத்த குடத்தோடு நின்ற மருமகள் திகைத்துப் போய் அப்படியே நின்றாள்.

"ஏம்ப்பா, கண்மை கரைஞ்சு ஓடுது, எல்லாரும் வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

மங்கையின் குரல்.

அவள் கண்மை தீட்டிப் பல வருடங்கள் ஆகின்றன. மங்கைக்கு அது தெரியாமல் இருக்காது.

மங்கை கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, அவளை மறைத்துக்கொண்டு நின்றாள். கட்டியிருந்த பட்டின் முந்தானையாலேயே நெற்றியைத் துடைத்தாள். பிறகு குடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் துடைத்தாள். கடைசிக் குடம் கவிழ்ந்ததும் அவள் தலையில் ஒரு துண்டைச் சுற்றி, புடவை மாற்றும் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

துண்டை அவிழ்த்தாள். பார்த்தாள்.

இப்போது ஏதாவது சொல்லுவாள் என்று அவள் காத்திருந்தாள். பதற்றத்தில் அவளே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். மாத்திரை, மருந்து, பொடி, யாரிடமும் சொல்லாமல் இருந்தது, எல்லாம்.

மங்கை திரும்பி நின்று முதுகைக் காட்டினாள்.

"மேல ஒரு கொக்கி இருக்கும். கழட்டி விடுங்க அண்ணி."

மங்கையின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்குச் சடை போட்டாலும் 'மங்கை அத்தை முடி மாதிரி வருமா' என்பார்கள்.

கொக்கியைக் கழற்றினாள்.

பின்னல் முழுவதும் அவள் கையோடு வந்துவிட்டது. மங்கையின் பிடரியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு முடிச்சு மிச்சமிருந்தது.

"சவுரியா?"

"பின்ன? உங்களுக்கு மட்டுந்தான் வயசாகுமா?"

மங்கை அதை வாங்கி அண்ணியின் தலையில் வைத்துக் குத்தினாள். அது வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. இன்னும் இரண்டு ஊசி போட்டுக் குத்தினாள். மறுபடியும் விழுந்தது. ஊசி பிடித்துக்கொள்ள அங்கே கொஞ்சமாவது முடி இருக்க வேண்டுமே.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. வெளியே கேட்டுவிடாமல் இருவரும் ஒரே துண்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கதவு தட்டப்பட்டது. "முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, பொண்ண அழைச்சுட்டு வாங்க!"

மங்கை அவளுக்குக் கூறைப்புடவையைக் கட்டிவிட்டாள். ஈரத்தலையை விரலாலேயே கோதிச் சின்னதாக ஒரு கொண்டை போட்டாள். பூ வைத்தாள். அகலமான வகிட்டில் குங்குமம் வைத்தாள்.

"லட்சணமா இருக்கீங்க. நிமிந்து வாங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மங்கை அவளைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மங்கை கதவைத் திறந்துவிட்டாள்.

மேளம் கொட்டியது. அவர் முதல் முடிச்சைப் போட்டார். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டியவை. மங்கை பின்னால் வந்து குனிந்தாள்.

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. தன் தலையைப் பார்த்துத்தான் என்று நினைத்தாள். பார்க்கட்டும் என்று கண்ணை உயர்த்தினாள்.

ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். மங்கையின் பின்னல் எங்கே?

அறையிலேயே கிடந்தது. அதை எடுத்து மாட்டிக்கொள்ள மங்கைக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவளுக்குக் கண் நிறைந்து எதிரே எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

மங்கை இரண்டு முடிச்சையும் அவசரப்படாமல் போட்டாள்.