பேசாமடந்தையின் வாக்கியம்

அவள் அவருடைய இடதுகைச் சுண்டுவிரல் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தபோதுதான், அவளுடைய வாக்கியத்தை டி.வி.யில் வேறொருத்தி சொன்னாள்.

"அவர்... என் முகத்தையே மறந்துட்டார்."

நகவெட்டி அப்படியே நின்றது.

சொன்னவளுக்கு மிஞ்சிப்போனால் முப்பத்தைந்து வயது இருக்கும். காதோரம் ஒரு கற்றைக்கு மட்டும் வெள்ளை பூசியிருந்தார்கள். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, 'அவர்' என்றதும் எச்சில் விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னாள்.

அந்த எச்சில் விழுங்கலைக்கூட அவர்கள் விடவில்லை.

அடுத்த காட்சியில் ஒரு சின்ன டப்பா. அதற்கடுத்த காட்சியில் சாப்பாட்டு மேஜை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷன் நிமிர்ந்து பார்க்கிறான், பார்த்துக்கொண்டே இருக்கிறான். மறந்த முகத்தை மறுபடியும் அறிமுகப்படுத்துங்கள் என்று ஒரு ஆண்குரல் சொல்லி முடித்தது.

சில மாதங்களுக்கு முன்னால் இவளை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனவள் மாடிவீட்டுக்காரி. ஏதோ அழகுசாதனக் கம்பெனியாம், அறுபது தாண்டிய பெண்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம், வீட்டிலேயே அடைந்து கிடக்காமல் ஒரு மத்தியானம் வெளியே வந்தால்தான் என்ன என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். அவரைப் பார்த்துக்கொள்ளத் தன் மருமகளையும் அனுப்பிவைத்தாள்.

குளிரூட்டிய அறை. வட்டமாக நாற்காலிகள். நடுவில் ஒரு சின்னப் பெண், பேத்தி வயதுதான் இருக்கும், எல்லாரையும் 'அம்மா' என்றே கூப்பிட்டாள். இத்தனை வருஷம் எங்க கம்பெனி பேசினது போதும், இனி நீங்க பேசுங்க, நாங்க கேக்கறோம் என்றாள். இது விளம்பரத்துக்கு இல்லை, எங்களைத் திருத்திக்கத்தான் என்றாள்.

நம்பித்தான் எல்லாரும் வாயைத் திறந்தார்கள்.

ரிட்டயரான நர்ஸ் ஒருத்தி, வெளுப்பாக்கும் கிரீம் பூசி முகம் வெந்துபோய் வந்த பெண்களுக்குக் கட்டுப் போட்ட கதையைச் சொன்னாள். உள்ளே என்ன கலக்கிறீர்கள் என்று டப்பாவில் ஏன் முழுசாகப் போடுவதில்லை என்று கேட்டாள். வயசாகறது என்ன வியாதியா, குணப்படுத்தறதுக்கு என்றாள் ஒரு டீச்சர். தையல்கடைக்காரி மட்டும் சிரித்தாள். முகத்துக்கு வாங்கியதைக் குதிகால் வெடிப்புக்குத் தடவிப் பார்த்தாளாம், அங்கேதான் கொஞ்சம் கேட்டதாம்.

வேலை பார்த்த ஆபீஸில் இவளுக்குப் பேசாமடந்தை என்றே பெயர். இரண்டு மாடிக்குக் கேட்கும்படி டைப் அடிப்பாள், வாயைத் திறந்தால் பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது.

கடைசியில் அந்தப் பெண் இவள் பக்கம் திரும்பினாள்.

கண்ணாடி முன்னாடி நிக்கும்போது என்னம்மா தோணும் உங்களுக்கு என்று கேட்டாள். அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

அப்படிக் கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்த ஆளை இவள் எத்தனையோ நாளாகப் பார்த்ததில்லை. சொன்னாள். சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. அந்தப் பெண் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீடு திரும்பும்போது இவளுக்கு நெஞ்சு லேசாகியிருந்தது. அந்தக் குழந்தை நல்லா இருக்கணும் என்று மாடிவீட்டுக்காரியிடம்கூடச் சொன்னாள்.

இப்போது செல்போன் அடித்தது. மாடிவீட்டுக்காரிதான்.

"அக்கா, பாத்தீங்களா? நீங்க சொன்ன வசனம்! அப்படியே வந்திருக்கு!"

அவள் குரலில் பெருமை பொங்கிற்று. இவள் போனை வைத்துவிட்டாள்.

நர்ஸ் கேட்டதில் ஒரு எழுத்தாவது வந்ததா? டீச்சர் கேட்டது வந்ததா? வட்டமாக உட்கார வைத்து, அம்மா அம்மா என்று உருகி, அத்தனை பேர் கேள்வியையும் குப்பையில் போட்டுவிட்டு, இவள் நெஞ்சிலிருந்து கிள்ளி எடுத்த ஒன்றை மட்டும் டப்பாவில் அடைத்து விற்கிறார்கள்.

அதையும் முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய அடுத்த வாக்கியத்தை வெட்டிவிட்டார்கள்.

அவர் இன்னும் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர், மெல்லத் திரும்பினார்.

"பாவம் அந்தப் பொண்ணு. கட்டின பொண்டாட்டி முகத்தைப் போய் மறப்பானா ஒருத்தன்? நீங்களே சொல்லுங்கம்மா."

கல்யாணமான நாள் முதல் 'வாடி, போடி' என்று வாய் நிறையக் கூப்பிட்டவர். இப்போதெல்லாம் இந்த மரியாதைதான். நகம் வெட்டவும் சோறு ஊட்டவும் யாரோ ஒரு நல்ல அம்மாள் வந்துபோவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கோபத்தால இல்லம்மா, அவருக்கு மூளை கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சுட்டு வருது, என் பேருகூட இப்ப தெரியாது. இதுதான் அன்றைக்கு அவள் சொன்ன அடுத்த வாக்கியம். அந்தச் சின்னப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டது இதைக் கேட்டபிறகுதான்.

அவர் அவள் முகத்தைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் அப்படியில்லையே?"

"இல்லீங்க," என்றாள்.