ஹில்டாவின் விலாசம்

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று திரிபுரசுந்தரிக்குக் காலையிலிருந்தே பயம். எட்டாவதோடு படிப்பை விட்டவள். பேப்பரும் பேனாவுமாக யாராவது வந்து நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

சொல்ல வேண்டியது ஒன்றும் பெரிதில்லை. மாடியில் குடியிருக்கும் ஹில்டா, வேலைக்குக் கிளம்பும்போது அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தாள்.

"ஆன்ட்டி, போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து ஒருத்தர் விசாரிக்க வருவார். 'எட்டு மாசமா என் வீட்டு மாடியில இருக்கா'ன்னு சொல்லுங்க. அது போதும். அது இல்லேன்னா விசாவ நீட்டிக்க மாட்டாங்க. பதினஞ்சு நாள்ல நான் ஊருக்குப் போயிடணும்."

ஊர் என்றால் தான்சானியா. கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில், ஆப்பிரிக்கக் கஸ்டமர்களிடம் அவர்கள் பாஷையில் பேசுகிற வேலை. மூன்று வருஷத்தில் தமிழும் வந்துவிட்டது. அந்தச் சம்பளத்தில்தான் அங்கே நான்கு பேர் சாப்பிடுகிறார்கள்.

இரும்புலியூரில் மாடி போர்ஷனுக்கு ஆள் கிடைக்காமல் ஒன்றும் இல்லை. ஹில்டாவுக்கு முன்னால் இரண்டு குடும்பம் வந்து பார்த்து, பிடித்துப்போய், ஆபீசில் காட்ட வேண்டும் என்று திரிபுரசுந்தரியின் பான் நம்பரைக் கேட்டது. வாடகை வருகிற விஷயம் வருமான வரிக்காரர்களுக்குத் தெரிந்தால் வீட்டுக்கே ஆபத்து என்று நடுங்கி, இரண்டு பேரையும் ஏதோ சாக்கு சொல்லி அனுப்பிவிட்டாள். அப்போதுதான் எதிர்வீட்டு சத்யநாராயணன் வழி சொன்னார். காலனி சங்கத்தின் செயலாளர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

"ஃபாரின்காரங்களுக்கு விடுங்கம்மா. விசாவுல வந்தவங்களுக்கு இங்க வரியே கிடையாது. வரி இல்லாதவங்க உங்க நம்பர எதுக்குக் கேக்கப் போறாங்க?"

அதே சத்யநாராயணன்தான், ஹில்டா பால் வாங்கப் போகும்போதெல்லாம், நம் ரோட்டில் நடக்கிறார்கள், நம் தண்ணீரைக் குடிக்கிறார்கள், ஒரு பைசா வரி உண்டா என்று காது கேட்கப் புலம்புவார்.

அக்ரிமென்ட் எதுவும் எழுதாமல் ஹில்டா குடி வந்தாள். ஜனவரியில் அவளும் கீழே இறங்கி வந்து, வாடகை ரசீதும் பான் நம்பரும் கேட்டபோது திரிபுரசுந்தரிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"உனக்குத்தான் வரி இல்லையேம்மா?"

"யார் சொன்னா? எந்த விசாவா இருந்தா என்ன ஆன்ட்டி, இங்க சம்பாதிச்சா இங்க கட்டணும். மாசாமாசம் பிடிச்சுக்கிட்டுத்தான் சம்பளமே தராங்க. ரசீது இருந்தா கொஞ்சம் குறையும்."

திரிபுரசுந்தரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள். ஹில்டா, "சரி, விடுங்க" என்று மாடியேறிப் போய்விட்டாள். குறைய வேண்டிய வரியையும் சேர்த்துத் தானே கட்டினாள். விசாக் காகிதங்களில், முன்பு தங்கியிருந்த கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் விலாசமே இருக்கட்டும் என்று விட்டதும் இவளுக்காகத்தான். இப்போது அந்த கெஸ்ட் ஹவுஸையும் மூடிவிட்டதால்தான் இந்த வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தாள்.

திரிபுரசுந்தரியும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். பீன்ஸ் நறுக்கும்போது இரண்டு தரம் சொல்லிக்கூடப் பார்த்துக்கொண்டாள். பத்தரை மணிக்கு சத்யநாராயணன் கேட் அருகே வந்து நின்றார்.

"ஆமான்னு சொன்னீங்கன்னா அடுத்த கேள்வி வாடகை எவ்வளவுங்கறதுதான். பாத்துக்குங்க."

பதினோரு மணிக்குக் குமரவேல் என்ற போலீஸ்காரர் வந்தார். மாடியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள், அக்ரிமென்ட் இருக்கிறதா, வாடகை எவ்வளவு என்று அடுக்கினார். வாடகை என்ற சொல்லிலேயே அவளுக்குக் காது அடைத்துவிட்டது.

"யாரும் இல்ல சார். மாடி காலியாத்தான் கிடக்கு."

"ஹில்டான்னு ஒரு பொண்ணு?"

"தெரியாது சார்."

"நல்லா யோசிச்சு சொல்லும்மா. எழுதிக் குடுத்துட்டு அப்புறம் மாத்திப் பேசினா உம்மேலதான் கேஸ் வரும்."

அவர் எழுதிக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். குமரவேல் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். பூட்டிக் கிடந்த மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"நல்லா காத்து வர்ற வூடு. ஏம்மா சும்மா போட்டு வெச்சிகினு கீறே?"

"வாடகைக்கு விட்டா வரி கேப்பாங்களாமே சார்."

எவ்வளவு வரும் என்று கேட்டார். பதினாலாயிரம் வரலாம் என்றாள். வேறு வருமானம்? மறைந்த கணவருடைய பென்ஷன் பத்தாயிரம்.

குமரவேல் சிரித்துவிட்டார். "இதுக்கு ஒரு ரூபா வரி வராதும்மா. எங்கம்மா ரெண்டு போர்ஷன் விட்டுகினு கீறாங்க, அதுக்கே இல்ல. எவனோ சொன்னத கேட்டுகினு பயந்துகினு கீறே."

வண்டியை உதைத்துக் கிளப்பினார். கூப்பிடத்தான் அவள் கையைத் தூக்கினாள். பையிலிருக்கும் கையெழுத்து ஞாபகம் வந்ததும் கை தானாக இறங்கிவிட்டது.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. ஹில்டா. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

துணிமணி, குக்கர், மருந்து மாத்திரை, ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த வரி கட்டிய காகிதங்கள் எல்லாவற்றையும் இரண்டு பெட்டிகளில் திணித்து, கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள். பிறகு பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, தரையை இரண்டு தரம் கழுவித் துடைத்தாள்.

எழுதிக் கொடுத்தபடியே, இப்போது மாடி காலியாக இருந்தது.