தாழ்ப்பாள்

வயிற்றுப் பையில் குட்டி சுமக்கும் அந்தத் தீவின் விலங்குகள் எல்லாமே, என்றோ மரக்கிளையோடு மிதந்துவந்து கரையேறிய ஒரே தாயின் வழிவந்தவை. ரத்தம் ஒன்றோடொன்று குழைந்துபோய், குட்டிகள் பைக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்தன. எதை எதோடு சேரவிடக் கூடாது என்று பார்த்துக் கூண்டு மாற்றுவதுதான் செண்பகவடிவின் வேலை. மயக்கத்தில் கிடந்த பெண்விலங்கின் பைக்குள் அவள் விரலை விட்டாள். அவரைவிதை அளவுக் குட்டி சில்லென்றிருந்தது. அப்போதுதான் ஊரிலிருந்து அம்மாவின் குரல், காதில் மாட்டியிருந்த போனில் வந்தது.

"ஒன் அண்ணன் மவனுக்கு ஒம் மவளக் கேக்காவ. சொந்தம் விட்டுப் போயிரக் கூடாதுல்லா?"

"மூத்தவன மறந்துட்டியாம்மா?"

"அது அவன் தலையெழுத்துட்டி. எந்தம்பியக் கட்டி நீ என்ன கொறஞ்சா போயிட்ட?"

கழுத்து நிற்காமலே ஏழு வயதுவரை படுத்தே கிடந்து செத்துப்போனவன் அவளுடைய மூத்த மகன். அவன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். அழுகை வரவில்லை. விரல் இன்னும் பைக்குள்ளேயே இருந்தது.

"சரிம்மா" என்றாள்.

பிறகு குட்டியை எடுத்துப் பஞ்சில் வைத்தாள். பக்கத்துக் கூண்டில் அந்தப் பெண்விலங்கின் மாமன் மகன் கம்பியில் மூக்கை வைத்து மோந்துகொண்டிருந்தது. அது வெளியே வந்துவிடாதபடி தாழ்ப்பாளை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தாள்.