எட்டாவது உறை

மூன்று மாடிப் படிகளையும் ஒரே மூச்சில் ஏறி வந்த கணவன், தேர்வில் முதலிடம் பெற்ற மாணவனைப் போன்று, கையிலிருந்த பெரிய உறையை உயர்த்திக் காட்டினான்.

“அம்மா! வந்திருச்சு! இந்தத் தடவை வந்திருச்சு!”

“என்னடா வந்திருச்சு?”

“வியாதி.”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் கத்தியைக் கீழே வைத்தாள். நாத்தனார் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தாள். துவைத்த துணிகளின் நடுவே அமர்ந்திருந்த மனைவி மட்டும் தலை நிமிரவில்லை. மரத்துப்போன விரல்களால் ஒரு சட்டையின் கையை மூன்றாம் முறையாக மடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு ஆண்டுகளாக அவளுக்கு விரல்கள் மரத்தன, உள்ளங்கால்கள் எரிந்தன. பேருந்தில் சும்மா அமர்ந்திருக்கும்போதே, இதயம் இதோ நின்றுவிடப் போகிறது என்ற அச்சம் அவளைப் பிடித்தது. காலையில் கண் விழித்தவுடன், ஏன் விழித்தோம் என்ற எண்ணமே முதலில் வந்தது.

ஏழு முறை பரிசோதித்தார்கள். ஏழு முறையும் ‘குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை’ என்றே அறிக்கை வந்தது. ஸ்கேன் மையத்தில் மருத்துவர் பதிவுசெய்த குரலைக் காதில் மாட்டிக்கொண்டு அந்த வரியை ஏழு முறையும் தட்டச்சு செய்தவன், அங்கே பணிபுரியும் அவள் கணவனே.

மனநல மருத்துவரையும் ஒருமுறை பார்க்குமாறு, மூத்த மருத்துவர் ஒருவர் சீட்டு எழுதிக் கொடுத்ததுண்டு. “பைத்தியக்காரி இருக்கிற வீடுன்னு பேர் வாங்கணுமா?” என்று கேட்டு, மாமியார் அதை நான்காகக் கிழித்தாள்.

ஒவ்வொரு ‘நார்மல்’ வரும்போதும் அவள் மதிப்பு வீட்டில் ஒரு படி இறங்கியது. அவளோடு ஒரே ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் நாத்தனார், ‘நடிகை’ என்று அவளுக்குப் பெயர் சூட்டினாள். அப்பெயர் மேற்பார்வையாளர் வரை பரவியது. “எட்டாவதும் நார்மல்னு வந்தா, பெட்டியைக் கட்டிக்கிட்டு உங்க அண்ணன் வீட்டுல போய் நடி” என்று மாமியார் சென்ற வாரமே தீர்ப்புக் கூறியிருந்தாள். அண்ணன் வீட்டில் அவளுக்கு ஒரு பாய் விரிக்கவும் இடமில்லை என்பது எல்லோரும் அறிந்ததே.

கணவன் தாளை விரித்தான். “கழுத்து நரம்புல வீக்கம்னு போட்டிருக்கு. அதனாலதான் கை மரத்துப்போகுது, கால் எரியுது, படபடப்பு வருது, எல்லாமே. மருந்தைவிட ஓய்வுதான் முக்கியமாம். மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுத்துப் பார்க்கணுமாம்.”

மாமியார் உறையை வாங்கி, உள்ளே கையை விட்டுத் துழாவினாள். ஒவ்வொரு முறையும் கறுப்புப் படத்தை விளக்கொளியில் பிடித்து, மருத்துவரே தோற்கும் வண்ணம் உற்று நோக்குவது அவள் வழக்கம்.

“படத்தைக் காணோமேடா?”

“டாக்டர் வச்சிக்கிட்டாரும்மா. அதான் பேப்பர்ல எல்லாம் இருக்குல்ல?”

மாமியார் தாளை ஒருமுறை தடவிப் பார்த்தாள். “எனக்கு அப்பவே தெரியும். இவ பொய் சொல்ற பொண்ணு இல்லைன்னு சொன்னேனா இல்லையா?”

“நீ எப்பம்மா சொன்னே?” என்றாள் நாத்தனார். “பரண்லேர்ந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டி வச்சது யாரு?”

“நடிகைன்னு பேர் வச்சவ நீ. வாயை மூடுடி.”

நாத்தனார் வாயை மூடிக்கொண்டு கீழே அமர்ந்தாள். சிறிது தயங்கியபின், மனைவியின் கையிலிருந்த சட்டையை மெல்ல வாங்கிக்கொண்டாள். “குடுங்க அண்ணி, நான் மடிக்கிறேன். அந்தப் பேப்பரைப் போட்டோ எடுத்துட்டுப் போய் நாளைக்கு சூப்பர்வைசர் மூஞ்சிக்கு நேரா காட்டுறேன். உட்கார்ந்து பட்டன் சரிபார்க்கிற வேலையா கேட்போம்.”

“நீ எழுந்திரும்மா” என்றாள் மாமியார். “உள்ளே போய்ப் படு. பால் காய்ச்சிக் கொண்டு வர்றேன்.” அவள் குரலில் ‘அம்மா’ என்ற சொல், வெகுநாள் திறக்காத கதவைப் போல முனகிக்கொண்டு வந்தது.

அறைக்குள் வந்ததும் மனைவி கட்டிலின் விளிம்பில் அமர்ந்தாள். உள்ளங்கால்கள் நேற்றைப் போலவே எரிந்தன. கணவன் அருகில் அமர்ந்தான். எனினும் அவள் முகத்தைப் பார்க்காமல் தன் விரல் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கை இன்னும் மரத்துதா?”

“ம்.”

“சரியாயிடும். அதான் என்னன்னு தெரிஞ்சிடுச்சுல்ல?”

அவள், கணவன் உறையோடு எடுத்து வந்திருந்த அறிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இருமுறை படித்தாள். பின்னர் அதை உறையிலிட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த ஏழு தடித்த உறைகளின் மேல் வைத்தாள். எட்டாவது மட்டும் காற்றில் பறந்துவிடும்போல் இலேசாக இருந்தது.

வெளியே மாமியார் அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வது கேட்டது: “பாவம், நரம்புல வீக்கமாம். இத்தனை நாளா எப்படித்தான் தாங்கிக்கிட்டு இருந்தாளோ!”

அந்தச் சொற்கள் முடியும்வரை மனைவி கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, கணவனுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்:

“மூணு மாசம் கழிச்சு டைப் பண்ணும்போது, வீக்கம் குறையலைன்னே போட்டுடுங்க.”