பெனிட்டாவின் பன்னீர் ரோஜா

ரோஜாக் கொம்பை நட்டால் பெரும்பாலும் முதலில் வருவது துளிர்தான், வேர் அல்ல. வெட்டிய கொம்பு தனக்குள் சேர்த்து வைத்திருந்த உணவைக் கொண்டே இலை விடும். அதைப் பார்த்துப் பிழைத்துவிட்டதென்று நினைக்கக் கூடாது. மகள் பெனிட்டா வைத்த பன்னீர் ரோஜா மழையில் வேரழுகிச் சாய்ந்தபோது, ஜெபமணிக்குப் பச்சையாகக் கிடைத்தது பென்சில் தடிமனில் ஒரே ஒரு கொம்பு. அதைச் சாய்வாக வெட்டி, மணல் கலந்த மண்ணில் ஊன்றி, பாதியாக அறுத்த தண்ணீர் பாட்டிலால் மூடி வைத்தார். மூன்றாம் வாரம் இலைகளோடு ஒரு மொட்டும் வந்தது.

“ஏங்க, அவளுக்கு வருசம் முடியுற அன்னைக்கு இது விரிஞ்சிரும். கல்லறைக்கு அவ பூவையே கொண்டு போயிரலாம்,” என்றாள் அவர் மனைவி எஸ்தர்.

ஜெபமணி பாட்டிலைத் தூக்கிவிட்டு மொட்டுக்கடியில் நகத்தை வைத்தார். “இன்னும் வேரு வரல எஸ்தரு. மிச்சம் இருக்க சத்தையெல்லாம் மொட்டு தின்னுரும். இதைக் கிள்ளுனாத்தான் கொம்பு பிழைக்கும்.”

“கிள்ளுனா கண்டிப்பா பிழைச்சிருமா?”

“அப்படிச் சொல்ல முடியாது.”

“அவ காலை எடுத்தாத்தான் பிழைப்பாள்னு ஆஸ்பத்திரியிலயும் சொன்னாங்க. நீங்க கையெழுத்துப் போட்டீங்க.”

அவர் நகத்தை எடுத்துக்கொண்டார். அவள் முகத்தைத் துடைக்கத் திரும்பியபோது, அடியில் சத்து வற்றி மஞ்சளாகப் பழுத்திருந்த ஓர் இலையைச் சத்தமில்லாமல் கிள்ளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.