பாகற்காய் ஒட்டிய பெட்டி

முதல் பெட்டி டீச்சர் தோளில் பட்டுக் கீழே விழுந்தது.

இரண்டாவது சுவரில் மோதியது. உள்ளேயிருந்த ஸ்லேட்டு உடைந்தது. மூன்றாவதை அவன் காலால் மிதித்துத் தட்டையாக்கினான்.

"எம்புள்ள பெட்டி எதுடி?"



பனியன் கம்பெனியில் கழித்துப்போட்ட அட்டைப்பெட்டிகள். பன்னிரண்டு. மூன்று வரிசையாகச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தாள். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பீரோ வாங்கி வைத்தால் பிள்ளைகளைத் தெருவில்தான் உட்கார வைக்க வேண்டும். அதனால் எல்லாம் சுவரில். டம்ளர், துண்டு, மாற்று ஜட்டி எல்லாம் அவரவர் பெட்டியில்.

எதிலும் பெயர் கிடையாது. எழுத்துத் தெரியாத வயசு. பஸ், குடை, கோழி, தக்காளி என்று ஆளுக்கொரு படம் ஒட்டியிருந்தாள். பாகற்காயை யாரும் சீண்டவில்லை. வர்ணிகாதான் கேட்டு வாங்கினாள்.

பெற்றவனுக்கு அது தெரியாது.

பாகற்காய் மேல்தான் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு வரலீங்க" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். நம்பவில்லை. மூன்று வரிசையையும் பிய்த்தெறிந்த பிறகு, பொம்மை போட்டுவைத்த பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்தான். பொம்மைகள் சிதறின. பிள்ளைகள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு அழுதார்கள்.

போன மாதம் ஐஸ் வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் வர்ணிகாவைக் கூட்டிப் போனான். பிள்ளையை வைத்து, பிரிந்துபோன தாய்க்காரியை வீட்டுக்கு வரவழைக்கப் பார்த்தான். அவள் வரவில்லை. பிள்ளை திரும்பி வந்தது, கையில் மாவுக்கட்டோடு.

அன்றைக்குப் பிள்ளையை அவனோடு அனுப்பி வைத்தது டீச்சர்தான். அப்பாதானே என்று நினைத்துவிட்டாள். அதற்காகத் தன்னை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இன்று அவன் பைக் தெருமுனையில் திரும்பும்போதே பார்த்துவிட்டாள்.

ஜன்னலுக்குக் கீழே ஒரு பெஞ்சு. பார்க்கிறவர்களுக்கு அது பெஞ்சு. மேல்பலகையைத் தூக்கினால் பாயும் தலையணையும் உள்ளே இருக்கும். பாய் புழுங்கி நாறாமலிருக்கப் பின்பக்கம் ஓட்டை போட்டிருந்தாள். பிஞ்சு விரல்கள் நசுங்காமலிருக்க விளிம்பு முழுக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தாள்.

வர்ணிகாவைச் செருப்போடு தூக்கி உள்ளே படுக்க வைத்தாள்.

"டீச்சர் சொல்ற வரைக்கும் வெளிய வரக்கூடாது, கண்ணு."

பிள்ளை தலையாட்டியது.

அவன் அந்தப் பெஞ்சையும் ஒரு உதை விட்டான். பிறகு அதற்கு முதுகைக் காட்டியபடி வந்து, அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் இடது கையில் சேர்த்துப் பிடித்து முறுக்கினான்.

கன்னத்தில் அறைந்தான்.

மறு கன்னத்திலும்.

அழுகை நின்றது.

பிள்ளைகள் மூலையிலிருந்து எழுந்தார்கள். ஒவ்வொருவராகச் சுவரோரம் போய் நின்றார்கள். அவரவர் பெட்டி இருந்த இடத்துக்குக் கீழே. சுவரில் ஆணிகள் மட்டும்தான் மிச்சம். ஆனாலும் ஒருவருக்கும் இடம் தப்பவில்லை.

பதினொரு பேர்.

அவள் கண் பெஞ்சுக்குப் போனது.

ஜூன் மாதத்திலிருந்து அவள்தான் பழக்கினாள். இரண்டு தட்டு தட்டினால் அவரவர் பெட்டிக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அப்புறம் ஒரு தட்டு தட்டினால் இருந்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். பன்னிரண்டு பேரும் சேர்ந்து கத்தும்போது அவள் தொண்டை எந்த மூலைக்கு? எல்லாம் கைதட்டல்தான். பெட்டிகள் விழுந்த சத்தத்துக்கு அசையாத பிள்ளைகள் இந்த இரண்டு அறைக்கு அசைந்துவிட்டார்கள்.

டீச்சர் சொல்வது என்றால் அவர்களுக்கு இதுதான்.

அவன் முதுகுக்குப் பின்னால், பெஞ்சின் பலகை நாலு விரற்கடை உயர்ந்தது.

உள்ளே மாவுக்கட்டு வெள்ளையாகத் தெரிந்தது.

அவன் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு குழந்தை ஜட்டியை நனைத்துக்கொண்டு, அப்படியும் வரிசை கலையாமல் நின்றது. அவனுக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது போல. ஓங்கிய கை தணிந்தது. மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

இன்னும் ஒரு நொடியில் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்புவான். திருப்பினால் பெஞ்சு.

உள்ளே போ என்று கத்தினாலும் திரும்புவான். ஒரு தட்டு தட்டினால் போதும். கை அவனிடம் இருந்தது.

பலகை இன்னும் உயர்ந்தது. ஒரு சின்னச் செருப்பு வெளியே வந்து தரையைத் தேடியது.

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டே அடிதானா? பொண்டாட்டிய அடிச்சு அடிச்சு கை ஓஞ்சு போச்சாட்ட இருக்குது."

அவன் முகம் கறுத்தது. முழுக் கையையும் வீசி அறைந்தான்.

ஒன்று.

கடைவாயில் ரத்தம் உப்புக் கரித்தது. ஒரு பக்கக் காது அடைத்துக்கொண்டது.

பதினொரு பிள்ளைகளும் திரும்பி மூலைக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

செருப்பு உள்ளே போனது. பலகை இறங்கியது. சைக்கிள் டியூப் சத்தம் காட்டவில்லை.

பக்கத்து லைன் வீட்டுப் பெண்கள் அதற்குள் வாசலில் கூடிவிட்டார்கள். ஒருத்தி கையில் விளக்குமாறு இருந்தது. அவன் டீச்சர் மணிக்கட்டை உதறிவிட்டு அவர்களை இடித்துக்கொண்டு வெளியேறினான்.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அந்தப் பெண் ஓடி வந்தாள்.

"டீச்சர், கையக் காட்டுங்க. வீங்கிப்போச்சு பாருங்க."

அவள் காட்டவில்லை.

வெளியே அவன் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். அது கிளம்பி, தெருமுனை தாண்டி, சத்தம் தேயும் வரைக்கும், தப்பித்தவறியும் தட்டிவிடாதபடி இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கி இடுக்கிக்கொண்டு நின்றாள்.