பேனரில் பேர் வேண்டாம்

"பேனர்ல எம் பேரு வந்துச்சுன்னா நாளையிலருந்து கஞ்சி கிடையாது பாய். சொல்லிப்புட்டேன்!"

பொன்னுத்துரை கரண்டியை அண்டாவின் விளிம்பில் ஓங்கித் தட்டினார். வியாபாரிகள் சங்கச் செயலாளர் முகமது பாரூக் சட்டையில் கஞ்சி தெறிக்காமல் பின்னால் நகர்ந்தார்.

"என்னண்ணே, இது கோவிச்சுக்கிற விஷயமா? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சின்னதா ஒரு மேடை. ஒரு சால்வை. அம்புட்டுத்தான்."

"வேணாம்."

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். திண்டுக்கல்லில் சிக்குன்குனியா வீடு வீடாகப் புகுந்து ஆளைச் சாய்த்துக்கொண்டிருந்தது. காய்ச்சல் சில நாளில் விட்டுவிடும், மூட்டுவலிதான் விடாது. மூட்டை தூக்கியவனெல்லாம் டம்ளரைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். நோயின் பேரைக் கேட்டுவிட்டு ஜனம் பாவப்பட்ட கோழியை வேறு சந்தேகப்பட்டது. பொன்னுத்துரையின் பிரியாணிக் கடையில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று.

வேறு ஆளாக இருந்தால் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருப்பார். இந்த மனுஷன் பிரியாணி அண்டாவைத் தேய்த்துக் கழுவி, அதிலேயே நொய்க் கஞ்சி காய்ச்சி, கடைக்குப் பின்னால் இருந்த கிணத்துத் தெரு முழுக்க வாசல் வாசலாகக் கொண்டுபோய் ஊற்றினார். கூடவே நிலவேம்புக் கசாயம். நடக்க முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, சொந்தச் செலவில் ஒரு ஆட்டோ.

சங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. அரிசி மண்டிக்காரர் நொய் கொடுத்தார், வெங்காயப்பேட்டைக்காரர் சின்ன வெங்காயம் கொடுத்தார். இருவரும் மறக்காமல் பேனரில் பேர் போட்டுக்கொண்டார்கள். அடுப்படியில் வேகிற ஆள்தான் பேர் என்றாலே சீறினார்.

"இம்புட்டுக் கூச்சம் உங்களுக்கு எங்கருந்துண்ணே வந்துச்சு?" என்று பாரூக் சிரித்தார். "சங்கத்துக் காலண்டர்ல போட்டோ சின்னதாப் போயிருச்சுன்னு எங்கிட்ட ஒரு மாசம் பேசாம இருந்த ஆளாச்சே நீங்க!"

பொன்னுத்துரையின் முகம் கறுத்துவிட்டது.

"பழசை எதுக்குக் கிளறுறீங்க? வாளியைப் பிடிங்க, கஞ்சி ஆறுது."

தெருவில் சகாயசெல்வி சட்டியோடு வாசலுக்கு வந்தாள். விரலெல்லாம் வீங்கியிருந்ததால் சட்டியை முழங்கையால் அணைத்துப் பிடித்திருந்தாள். உள்ளே புருஷனும் பிள்ளைகளும் பாயில் கிடந்தார்கள். கஞ்சி விழும்போது அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"மாசச் சம்பளம் வந்தா உங்க கடையில துட்டுக் கொடுத்துப் பிரியாணி வாங்குவோம்ணே. இப்ப ஓசிக் கஞ்சிக்குச் சட்டி ஏந்துறேன். வெக்கமா இருக்கு."

"நீ எதுக்கும்மா வெக்கப்படுற? வெஞ்சனத்துக்குத் துவையல் வச்சிருக்கேன். பிள்ளைகளுக்குத் தொட்டுக்கக் கொடு."

"மாதாதாண்ணே உங்களை எங்க தெருவுக்கு அனுப்பி வச்சிருக்கு."

பொன்னுத்துரை அவள் முகத்தைப் பார்க்காமலேயே அடுத்த வீட்டுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பார்த்தீர்களா, எப்பேர்ப்பட்ட அடக்கம் என்று பாரூக் எதிர்வீட்டுக்காரரிடம் மெச்சிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாரூக் சும்மா விடுகிற ஆளா? மேடைக்கு வரமாட்டேன் என்றவருக்காக மேடையையே தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார். பொன்னுத்துரை கஞ்சி வாளியோடு தெருமுனை திரும்பினால், நாலு நாற்காலி, ஒரு மைக், எழுந்து நிற்க முடிந்த அத்தனை பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு கூட்டமாய்! முன்னால் சகாயசெல்வி, வீங்கின கைகளில் சால்வையோடு.

"ஐயோ, வேணாம்மா. என்னைய விட்டுருங்க."

"தப்பா நினைக்காதீங்கண்ணே. சும்மா வாங்கித் தின்ன வெக்கம் எங்களுக்கும் தீர வேணாமா? தெருவே சேர்ந்து வாங்குன சால்வை இது. நீங்க வேணாம்னா எங்க மூஞ்சியில அடிச்ச மாதிரி."

பாவம், மனுஷன் வாளியைக் கீழே வைத்தார். அவள் நெருங்க நெருங்கப் பின்னால் நகர்ந்தவர், தெருமுனையில் காலியாகக் கிடந்த பெரிய சிமெண்டுத் தொட்டியில் முட்டிக்கொண்டு நின்றார்.

பாரூக் மைக்கை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "குழாயில எப்பவோ ஒருக்காதான் தண்ணி வருது, ஜனம் பிடிச்சு வச்சுக்கிறட்டும்னு போன கோடையில இந்தத் தொட்டிய வச்சுக் கொடுத்ததும் நம்ம அண்ணன்தான்! அதுக்கும் சேர்த்துத்தான் இந்தச் சால்வை. எல்லாரும் கை தட்டுங்க!"

கை வீங்கினவர்கள் வலியோடு தட்டினார்கள். பொன்னுத்துரை முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி அழுதுவிட்டார்.

"கொசு மருந்து அடிக்க வந்தவங்க இந்தத் தொட்டியில ஒரு டம்ளர் மோந்து எங்கிட்டத்தான் பாய் காட்டுனாங்க. அம்புட்டும் கொசுப்புழு. இங்கருந்துதான் தெருவுக்கே காய்ச்சல் பரவியிருக்குன்னாங்க." மைக் பக்கத்திலேயே இருந்ததால் அவர் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது. "தொட்டி செஞ்சவன் அன்னைக்கே கேட்டான், 'நீங்க கொடுக்கிற துட்டுக்கு ரெண்டுல ஒண்ணுதான் முடியும் மொதலாளி, மூடி போடவா, நாலு பக்கமும் உங்க பேரை எழுதவா'ன்னு. நான் பேரை எழுதச் சொன்னேன்."